சாதாரணக் கட்டி என்றார்கள், எடுத்துவிட்டால் முடிந்ததுதானே?

கேள்வி, 2024 ஜூன் 9
ஆத்தூரிலிருந்து எழுதுகிறேன். அக்கா மகனுக்கு எட்டு வயது. ஒரு வருஷமாகத் தலைவலி, காலையில் வாந்தி. ஸ்கேனில் மூளையின் அடிப்பக்கம் கிரேனியோஃபாரிஞ்சியோமா என்று வந்திருக்கிறது. "புற்றுநோய் இல்லை, சாதாரணக் கட்டிதான்" என்றார்கள். ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டால் முடிந்ததுதானே? சேலம் பக்கம் இந்த நோயைப் பார்த்த குடும்பம் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஜூன் 10, இரவு
முடியாது தம்பி. பயமுறுத்த எழுதவில்லை. எட்டு வருஷத்துக்கு முன் இதை யாராவது எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று பலமுறை நினைத்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். என் மகளுக்கு 2016-இல் இதே கட்டி, இதே எட்டு வயது. இப்போது பதினாறு, பதினொன்றாம் வகுப்பு. எங்களிடமும் "சாதாரணக் கட்டி" என்றுதான் சொன்னார்கள். பொய்யில்லை. நுரையீரலுக்கோ எலும்புக்கோ ஓடாது, மெதுவாக வளரும், உலக சுகாதார நிறுவனத்தின் வரிசையில் முதல் படி, அதாவது ஆபத்து குறைந்தது. ஆனால் அது உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். கண் நரம்புகள் இரண்டும் குறுக்கே சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஹார்மோன்களைச் சுரக்கும் கொண்டைக்கடலை அளவு பிட்யூட்டரி சுரப்பிக்கு மேலே, பசி தாகம் தூக்கம் எல்லாவற்றையும் நடத்துகிற ஹைப்போதலாமஸை முட்டிக்கொண்டு. வீட்டில் மெயின் சுவிட்ச் இருக்கும் சுவரில் அரசங்கன்று முளைத்த மாதிரி. கன்று சின்னதுதான். பிடுங்கும்போது சுவரும் சேர்ந்து வந்துவிடக் கூடாது.

மீதியை நாளை எழுதுகிறேன். பையன் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறான், ராத்திரி எத்தனை முறை எழுந்து போகிறான் என்று இன்றைக்கே ஒரு நோட்டில் எழுத ஆரம்பியுங்கள். டாக்டர் கேட்பார்.

ஜூன் 11, காலை
எங்களுக்குத் தலைவலி முதலில் வரவில்லை, தண்ணீர்தான் முதலில் வந்தது. ராத்திரி அடுப்படிக்குப் போய் ஒரு சொம்பை அப்படியே கவிழ்ப்பாள். நாலு வயதிலேயே நின்றுபோன படுக்கையில் போகும் பழக்கம் ஏழு வயதில் திரும்பி வந்தது. மாமியார் "உடம்புச் சூடு" என்று வெந்தயமும் இளநீரும் கொடுத்தார். பள்ளியில் அடிக்கடி வெளியே போகக் கேட்கிறாள், பொய் சொல்கிறாள் என்று டைரியில் எழுதி அனுப்பினார்கள். நானும் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

ஒரு தீபாவளிக்கு எடுத்த பாவாடை அடுத்த தீபாவளிக்கும் சரியாக இருந்தது. செலவு மிச்சம் என்று சிரித்தோம்.

அப்புறம் காலைத் தலைவலி, வாந்தி. பித்தம் என்று இஞ்சிச் சாறு. கண்ணாடிக் கடையில் ஆறு மாதத்தில் இரண்டு தடவை நம்பர் மாற்றினார்கள். அவளோ கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டே இருந்தாள், நடைவழியில் வைத்த குடத்தைத் தட்டிவிட்டாள். எதிரே இருக்கிற டிவி நன்றாகத் தெரியும், பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. வண்டிக் குதிரைக்குக் கண்பட்டை கட்டுவார்களே, அதே பார்வை. கண் நரம்புகள் குறுக்கே போகும் இடத்தை நடுவில் அமுக்கினால் இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கப் பார்வைதான் முதலில் போகுமாம். ஒரு கண் டாக்டர் இரண்டு பக்கமும் விரலை நீட்டி ஆட்டினார். விரல் மூக்குக்கு நேராக வரும்வரை அவள் பேசாமல் இருந்தாள். அவர்தான் தண்ணீர், உயரம், பார்வை மூன்றையும் ஒரே தாளில் எழுதி அன்றைக்கே எம்ஆர்ஐக்கு அனுப்பினார்.

ஜூன் 11, மதியம்
மனைவி படித்துவிட்டு இரண்டு திருத்தம் சொல்கிறாள். பிட்யூட்டரி கொண்டைக்கடலை இல்லை, பட்டாணி. பசிக்கிற நேரத்தில் எழுதினால் இப்படித்தான் என்கிறாள். இரண்டாவது, முதலில் வந்தது தண்ணீர் இல்லை, உயரம் நின்றதுதான். பூஜை அறைக் கதவில் வருஷா வருஷம் பொங்கலன்று பென்சில் கோடு போடுவோம். போய்ப் பார்த்தேன். 2014 கோட்டுக்கும் 2015 கோட்டுக்கும் நடுவில் ஒரு விரல் அகலம்தான் இருக்கிறது. அப்போதெல்லாம் ஒரு துளி தலைவலி கிடையாது. இத்தனை வருஷம் அந்தக் கதவைத் திறந்து மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

ஜூன் 14
"எப்படி வந்தது, நாங்கள் என்ன தப்பு செய்தோம் என்று அக்கா அழுகிறாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அக்காவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

கரு வயிற்றில் இருக்கும்போது வாயின் மேற்கூரையிலிருந்து ஒரு சின்னப் பை மேல்நோக்கிக் கிளம்பிப் போய்த்தான் பிட்யூட்டரியின் முன்பாதி உண்டாகிறது. ராத்கே என்ற ஜெர்மானியர் 19-ஆம் நூற்றாண்டில் விவரித்ததால் ராத்கேயின் பை என்று பேர். அது போன வழியில் சில செல்கள் மிச்சம் தங்கிவிடுகின்றன. பிறகு எப்போதோ அவை வளர ஆரம்பித்தால் இந்தக் கட்டி. பிள்ளைகளுக்கு வரும் வகையில் சிடிஎன்என்பி1 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இருக்கும். அது கட்டியின் செல்களில் மட்டும் நடந்தது. அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ வந்ததில்லை. கிரகணத்தில் வெளியே போனது, மாசமாக இருக்கும்போது பப்பாளி தின்றது, செல்போன், எதுவும் காரணமில்லை. என் மாமியார் வைத்திருந்த பட்டியல் இன்னும் நீளம்.

வாயிலிருந்து புறப்பட்டது என்பதால் இதன் செல்கள் பல் எனாமலைச் செய்யும் செல்களைப் போல இருக்கும். ஸ்கேனில் சுண்ணாம்புத் துணுக்குகள் வெள்ளையாகத் தெரியும். 2014-இல் அமெரிக்காவில் நாலு மாதக் குழந்தை ஒன்றின் இதே கட்டிக்குள் முழுப் பற்களே இருந்ததாக மருத்துவ இதழில் வந்தது. உள்ளே இருக்கும் நீர் பழைய இன்ஜின் ஆயில் மாதிரி கறுப்பாக, கொலஸ்ட்ரால் துகள்களால் மினுமினுவென்று இருக்கும். எங்கள் சர்ஜன் அதைச் சொன்னபோது பட்டறையில் தினமும் மோட்டாருக்கு ஆயில் விடுகிற எனக்குச் சட்டென்று புரிந்தது, மனைவிக்கு மயக்கமே வந்துவிட்டது.

எத்தனை பேருக்கு வரும்? வருஷத்துக்குப் பத்து லட்சம் பேரில் அரையிலிருந்து இரண்டு பேருக்கு. 2011 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டம் கிட்டத்தட்ட 35 லட்சம். பெரியவர்களையும் சேர்த்து வருஷத்துக்கு இரண்டு முதல் ஏழு பேர். அதனால்தான் பக்கத்துக் கிளினிக்கில் இந்தப் பேரைச் சொன்னால் எழுதிக் காட்டுங்கள் என்கிறார்கள். 1932-இல் ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க மூளை சர்ஜன் இந்தப் பேரைப் பரப்பினார். வாய்க்கு அடங்குகிற பேராக அவர் ஒன்று வைத்திருக்கலாம்.

ஜூன் 16
"முழுசாக எடுக்கிறேன் என்று சொல்லும் டாக்டரிடம்தான் போவோம்" என்கிறாராம் மச்சான். நானும் அப்படித்தான் அலைந்தேன்.

முழுசாக எடுத்தால் திரும்ப வரும் வாய்ப்பு குறைவு, உண்மை. ஆனால் கட்டி ஹைப்போதலாமஸோடு ஒட்டியிருந்தால் முழுசாக உரிக்கப் போய் அந்த இடம் காயப்பட்டுவிடும். அதைத் திருப்பிக் கொடுக்க எந்த மருந்தும் கிடையாது. அதனால் ஒட்டின பகுதியை விட்டுவிட்டு மற்றதை எடுத்து, மிச்சத்துக்குக் கதிர்வீச்சு கொடுக்கும் வழியையும் இப்போது நிறையப் பேர் எடுக்கிறார்கள். நீர்ப்பை பெரிதாக இருந்தால் தோலுக்கடியில் ஒரு சின்னக் குமிழ் வைத்து அவ்வப்போது ஊசியால் நீரை எடுப்பதும் உண்டு. அந்தக் குமிழை 1963-இல் செய்தவர் அயூப் ஒமாயா, பாகிஸ்தான்காரர். சில பேருக்கு மண்டையைத் திறக்காமல் மூக்கு வழியாகவே போகிறார்கள். எந்த வழி என்பதைக் கட்டியின் இடமும் வடிவமும்தான் சொல்லும், நம் ஆசை இல்லை.

கேட்க வேண்டிய கேள்வியை மட்டும் சொல்கிறேன்: "ஹைப்போதலாமஸில் ஒட்டியிருக்கிறதா? ஒட்டியிருந்தால் எங்கே நிறுத்துவீர்கள்?" இதற்கு நிதானமாகப் பதில் சொல்கிறவரிடம் போங்கள்.

நாங்கள் வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்குப் போனோம். இந்தியாவில் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையை ஜேக்கப் சாண்டி 1949-இல் தொடங்கியது அங்கேதான். ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறி நள்ளிரவு தாண்டிக் காட்பாடியில் இறங்குவோம். அந்த ரயில் ஏற்காட்டுக்குப் போகாது என்பது எத்தனை வெளியூர்க்காரர்களுக்குத் தெரியுமோ. சென்னை பக்கம் வசதி என்றால் அங்கேயும் பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அட்மிஷனுக்கு முன்பே கவுண்டரில் கேளுங்கள், பின்னால் கேட்டால் அலைச்சல்.

எங்களுக்குப் பாதிக்கு மேல் எடுத்தார்கள். 2018-இல் மிச்சம் மறுபடி நீர் கோத்தது. ஆறு வாரம், முப்பது நாள் கதிர்வீச்சு. முகத்துக்கு அச்சு எடுத்த வலைமுகமூடியை மேஜையோடு பூட்டிவிடுவார்கள், தலை அசையக் கூடாது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து கொலுவில் வைத்தாள். நாங்கள் முடித்து ஆறு மாதத்தில், 2019 ஜனவரியில், சென்னையில் புரோட்டான் சிகிச்சை வந்துவிட்டது. சுற்றியிருக்கும் நல்ல பகுதிக்குக் கதிர் குறைவாகப் போகும் முறை. கொஞ்சம் பொறுத்திருக்கலாமோ என்று ஒரு வருஷம் தூக்கம் இல்லை. கண் நரம்பு அமுங்கிக்கொண்டிருக்கும்போது பொறுக்க முடியாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் விட்டேன்.

ஜூன் 17
இப்போது உண்மையான விஷயத்துக்கு வருகிறேன், தண்ணீர்க் கணக்கு.

சிறுநீரைக் கெட்டியாக்கச் சொல்லும் ஹார்மோன் வாசோபிரசின். அது ஹைப்போதலாமஸில் உருவாகிப் பிட்யூட்டரியின் பின்பாதி வழியாக வருகிறது. அது நின்றுபோனால் சிறுநீரகம் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. ஆபரேஷனுக்கு மறுநாள் என் மகள் ஐந்து லிட்டருக்கு மேல் போனாள். இருபது கிலோகூட இல்லாத குழந்தை.

அதற்கு டெஸ்மோபிரசின். மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே, அல்லது மாத்திரை. எங்கள் பாட்டிலில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கச் சொல்லி எழுதியிருந்தது, கரண்ட் போனால் மண்பானைக்குள் இறக்கிவிடுவோம். குடித்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்று எழுத வேண்டும். வேர்வையிலும் மூச்சிலும் போவதை அளக்க முடியாது. நர்ஸ் அதை விளக்கியபோது "சேதாரமா?" என்று கேட்டேன். முப்பது வருஷமாக வெள்ளியில் போடுகிற கணக்குதானே. வந்த எடை, போன எடை, சேதாரம். அன்றிலிருந்து எங்கள் நோட்டில் மூன்றாவது பத்தியின் தலைப்பு அதுதான். தினமும் காலையில் பல் தேய்த்ததும் ஒரே தராசில் எடை. ஒரே நாளில் அரைக் கிலோ ஏறினாலும் இறங்கினாலும் அது தண்ணீர், சதை இல்லை.

நிறையத் தண்ணீர் கொடுங்கள், அதுதான் முக்கியம்.

ஜூன் 18, விடியற்காலை
மேலே கடைசி வரியை அடித்துவிடுங்கள். தூக்கத்தில் விழித்து எழுந்து எழுதுகிறேன்.

மருந்து வேலை செய்யாத நேரத்தில்தான் தாகத்துக்குத் தண்ணீர். ஸ்ப்ரே அடித்த பிறகு அதே வேகத்தில் ஊற்றினால் தண்ணீர் வெளியே போகாது, ரத்தத்தில் சோடியம் நீர்த்துப் போகும். 135 முதல் 145 வரை இருக்க வேண்டியது. குறைந்தால் தலைவலி, குழப்பம், வலிப்பு. எங்கள் வீட்டில் 2016 நவம்பரில் ஒரு விருந்து நாளில் 121-க்குப் போனது. யார் யாரோ பாசத்தில் ஜூஸ் கொடுத்திருக்கிறார்கள். அதனால் அடுத்த ஸ்ப்ரேக்கு முன் ஒருமுறை நன்றாக ஒன்றுக்குப் போய் பழைய மருந்தின் வேகம் தீர்ந்தது தெரிந்த பிறகுதான் அடிக்கச் சொன்னார்கள். உங்கள் பையனுக்கு எத்தனை மணி, எவ்வளவு என்பதை அவன் டாக்டர் எழுதித் தருவார். என் அளவைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

ஜூன் 29
ஒரு கோபம். ஆஸ்பத்திரி பேர் வேண்டாம்.

2020-இல் காய்ச்சலுக்கு உள்ளூரில் ஓர் இடத்தில் சேர்த்தோம். பழைய ஃபைலில் "டயபடீஸ் இன்சிபிடஸ்" என்று இருந்தது, தண்ணீர் தங்காத இந்த நோயின் பழைய பேர். முதல் வார்த்தையோடு படிப்பதை நிறுத்திவிட்டார்கள். விரலில் குத்திச் சுகர் பார்த்தார்கள், நார்மல். "சுகர்தான் இல்லையே, இந்த ஸ்ப்ரே எதற்கு" என்று ராத்திரி டோஸை நிறுத்திவிட்டார்கள். மனைவி சண்டை போட்டதற்கு "அம்மா, நீங்கள் வெளியே இருங்கள்". காலையில் சோடியம் 158.

இந்த நோய்க்கும் சர்க்கரைக்கும் சம்பந்தமே கிடையாது, பேர் மட்டும்தான் ஒன்று. உலகம் முழுக்க இதே குழப்பத்தில் உயிர்களே போயிருக்கின்றன. அதனால் 2022-இல் நிபுணர்கள் கூடிப் பேரையே மாற்றிவிட்டார்கள், இப்போது ஏவிபி குறைபாடு, ஏவிபி என்பது அதே வாசோபிரசின்தான். அவசரத்துக்குக் காட்டும் எங்கள் மஞ்சள் அட்டையில் தமிழிலும் பெரிதாக எழுதியிருக்கிறேன்: "இது சர்க்கரை நோய் இல்லை. ஸ்ப்ரேயை நிறுத்தாதீர்கள். ஹைட்ரோகார்டிசோனை நிறுத்தாதீர்கள்."

அந்தக் கடைசி வரியை விளக்கவே இல்லை. காய்ச்சல், காயம் வந்தால் உடம்பைத் தாங்க வைக்கும் ஹார்மோன் கார்டிசால். பிட்யூட்டரி கெட்டுப்போனதில் அது உடம்பில் சுரக்காததால் அதற்குப் பதிலாகத் தினமும் இந்த மாத்திரை. காய்ச்சல் வந்தால் டாக்டர் எழுதிக்கொடுத்தபடி இரண்டு மூன்று மடங்கு. வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் ஊசி. தைராய்டு மாத்திரையும் வரும், ஆனால் கார்டிசால் சரியான பிறகுதான், வரிசை மாறினால் ஆபத்து. வளர்ச்சி ஹார்மோன் கடைசியில் வரும், கட்டி அடங்கியிருக்கிறது என்று உறுதியான பிறகு, தினமும் ராத்திரி ஊசி. எங்கள் கதவில் கோடு மறுபடி ஏற ஆரம்பித்தது 2020 பொங்கலுக்கு.

ஜூலை 20
"வெளியூர் எங்கேயும் போக முடியாதா" என்று கேட்டீர்கள். போகலாம். 2019 மே மாதம் ஏற்காடு போன கதை இது.

அடிவாரம் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவு. பன்னிரண்டாவதில் வாந்தி எடுத்தாள். எந்தப் பிள்ளையும் எடுக்கும் இடம்தான். ஆனால் காலை மாத்திரை போட்டு இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. மறுபடி கொடுத்தோம். பதினைந்தாவது வளைவில் அதுவும் வெளியே. முகம் வெளுத்து, கூப்பிட்டால் "ம்" மட்டும். வளைவினால் வந்த வாந்தியா, கார்டிசால் இல்லாத வாந்தியா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். மனைவி யோசிக்கவில்லை. வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, மருந்தைக் கலக்கி, தொடையில் ஊசி போட்டுவிட்டாள். தேவையில்லாமல் ஒரு ஊசி போட்டால் நஷ்டமில்லை, தேவையானபோது போடாவிட்டால்தான் போச்சு என்று வேலூரில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அரை மணியில் "பசிக்குது" என்றாள். நேராகக் கீழே இறங்கி டாக்டரிடம் காட்டியிருக்க வேண்டும். போனில் கேட்டுவிட்டு மேலே போனோம், ஏரிக்கரைக்கு. இப்போது நினைத்தால் அது தப்பு.

இந்தக் களேபரத்தில் ஒரு குரங்கு வண்டிக்குள் கையை விட்டு, கோடு போட்ட தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்த் தடுப்புச் சுவர் மேல் உட்கார்ந்து திறந்து குடித்தது. எவ்வளவு குடித்தது என்று தெரியவில்லை, எந்தப் பத்தியில் எழுதுவது என்றும் தெரியவில்லை. அந்த நாள் கணக்கு இன்றுவரை டேலி ஆகவில்லை.

ஜூலை 21
சொல்ல மறந்தது. மலைக்குளிரில் மூக்கு அடைத்தால் ஸ்ப்ரே சரியாக இறங்காது. மாத்திரையும் கையில் இருக்கட்டும்.

ஆகஸ்ட் 4
இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு மாதமாக யோசித்தேன். நேற்று ஆடிப்பெருக்குக்கு வீட்டில் சித்ரான்னம், சொந்தக்காரர்கள். ஒரு பெரியம்மா வந்ததும் வராததுமாக "நல்லா சாப்பிட்டு நல்லா குண்டாயிட்டா" என்றார். மகள் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஹைப்போதலாமஸ் காயப்பட்டால் வயிறு நிறைந்தது மூளைக்குத் தெரியாது. சாப்பிட்ட தட்டை வைக்கும்போதே பசிக்கும். போதாததற்கு உடம்பு சக்தியைச் செலவழிப்பதும் குறைந்துவிடும், குறைவாகத் தின்றாலும் எடை ஏறும். இந்தக் கட்டி வந்தவர்களில் பாதிப் பேர் அளவுக்கு இதில் மாட்டுகிறார்கள். எனக்கு இது 2016-இல் தெரியாது. தெரிந்தது 2018-இல். நடுவில் இரண்டு வருஷம் நான் என்ன செய்தேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

ஃபிரிட்ஜுக்குப் பூட்டு போட்டேன். தெருமுனைத் தட்டுவடை செட் கடைக்காரரிடம் "இவள் வந்தால் கொடுக்காதே" என்று நாலு பேர் முன்னால் சொன்னேன். ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு அடுப்படியில் சத்தம் கேட்டுப் போனால், லைட் போடாமல் உட்கார்ந்து பழைய சோற்றை வெறும் கையால் அள்ளித் தின்றுகொண்டிருந்தாள். கை ஓங்கினேன். அவள் ஒதுங்கவில்லை. வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "அப்பா, நான் நிறுத்தச் சொன்னா அது நிக்க மாட்டேங்குது" என்றாள். ஒன்பது வயது. ஹார்மோன் டாக்டர் பிறகு அரை மணி நேரம் படம் போட்டு விளக்கியதும் அதே ஒரு வரிதான்.

பூட்டை எடுக்கவில்லை, இன்னும் இருக்கிறது. ஆனால் இப்போது அவள் கேட்டுத்தான் பூட்டுகிறோம், சாவியைத் தன் அம்மாவிடம் கொடுப்பது அவள்தான். வீட்டில் எல்லோருக்கும் அவள் சாப்பாடே சாப்பாடு. எனக்கும் எட்டுக் கிலோ குறைந்தது. மல்கோவா சீசனில் மட்டும் நான் பட்டறையில் ஒளிந்து தின்கிறேன், இதை மனைவி படிப்பாள், தெரியும்.

உங்கள் பையனுக்கு இப்படி வராமலே போகலாம். வந்தால் முதல் நாளே தெரிந்திருக்கட்டும்.

ஆகஸ்ட் 19, காலை
ஆபரேஷன் நல்லபடி முடிந்து ஐந்தாம் நாள் என்று படித்தேன். ஹைப்போதலாமஸ் பக்கம் கட்டியின் ஒரு சின்னத் துண்டை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டார் என்றீர்கள். நல்ல சர்ஜன்.

"முதல் மூன்று நாள் தண்ணீராகப் போனது, நேற்றிலிருந்து நின்றுவிட்டது, சரியாகிவிட்டது என்று அக்கா வீட்டுக்குக் கிளம்பலாம் என்கிறாள்." கிளம்பாதீர்கள். இது நடுக்கட்டம். அடிபட்ட நரம்பு நுனிகளில் சேர்ந்திருந்த ஹார்மோன் மொத்தமாகக் கசிகிறது, ஒரு வாரம் வரை சிறுநீர் குறையும். இந்த நேரத்தில் தண்ணீர் அதிகமானால் சோடியம் விழும். கையிருப்பு தீர்ந்ததும் மறுபடி திறந்துகொள்ளலாம், அப்புறம் அது நிரந்தரமாகவும் இருக்கலாம். எல்லோருக்கும் மூன்று கட்டமும் வராது. எங்களுக்கு வந்தது. இன்றைக்கு ரவுண்ட்ஸில் சோடியம் எவ்வளவு என்று மறக்காமல் கேளுங்கள்.

ஆகஸ்ட் 19, இரவு
129 என்றீர்கள். கேட்டது நல்லதாயிற்று. டாக்டர் தண்ணீரைக் குறைக்கச் சொல்லிவிட்டார் அல்லவா, அப்படியே செய்யுங்கள், ஐஸ்கட்டியைக்கூட அளந்து கொடுங்கள்.

செப்டம்பர் 2
ஆத்தூரில் நாலு கடையில் ஸ்ப்ரே ஸ்டாக் இல்லை என்கிறீர்கள். சேலத்திலேயே சில மாதம் அப்படித்தான், இரண்டு வாரம் முன்னாலேயே சொல்லி வைக்க வேண்டும். அவனுக்கு எழுதியிருப்பதும் எங்களுடையதும் ஒரே மருந்துதானா, ஒரே அளவு பாட்டிலா என்று சீட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள், டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பிரிக்காத பாட்டில் ஒன்று கூடுதலாக இருக்கிறது. நாளை கொலுசு கொடுக்க ஆத்தூர் வருகிறேன், பதினொரு மணிக்குப் பஸ் ஸ்டாண்டில் இருப்பேன். ஐஸ் பெட்டியோடு வாருங்கள். உங்கள் கடையில் வந்ததும் திருப்பிக் கொடுத்தால் போதும்.